கக்கத்தில் கோல், வானத்தில் கைகள்

கடைசிப் பிள்ளை பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்ததும் நெவில் புளூர் தன் நீளக் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி நேராக உயர்த்துவார். மழை கொட்டினாலும் உயர்த்துவார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிர்ச்சாரியில் இருக்கும் ஓட்ஸ் தோசைக் கடைக்கு வருவார். அந்தக் கடையில் ஜன்னலோரக் கல்லில் மாவு ஊற்றும் கெய்னர் மேச்சின் இதைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறாள். முதல் வருடம் பக்தி என்று நினைத்தாள். அடுத்த வருடம் தோள்பட்டை வலி என்று நினைத்தாள். அதற்குப் பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள். கேட்க அவளுக்குக் கூச்சம்.

நெவிலின் வேலை, பள்ளிப் பிள்ளைகளைப் பத்திரமாகச் சாலை கடக்கவைப்பது. கோலின் உச்சியில் வட்டப் பலகை. தூரத்திலிருந்து பார்த்தால் ராட்சதக் குச்சிமிட்டாய். கணுக்கால் வரை தொங்கும் மஞ்சள் மேலங்கி. அரசாங்கம் கொடுத்த தொப்பிக்கு அடியில், அவராகப் போட்டுக்கொண்ட ஆரஞ்சு நிறக் கம்பளிக் குல்லாய். கைகளை உயர்த்துவது மட்டும்தான் அவருடைய விசித்திரம் என்று யாரும் எண்ண வேண்டாம். ரொட்டி வேன்காரன் அவர் கோலை இறக்குவதற்கு முன்பே வண்டியை மெல்ல நகர்த்துவான். உடனே நெவில் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு முழங்கைகளையும் நூல் சுற்றுவதுபோல் உருட்டுவார். சிநேகிதன் கிளைவின் கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டி மூக்கை நீட்டி நின்றால், இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அவனையே பார்ப்பார். ‘குதிரை லாடம்’ பப்பை நடத்தும் டோரீன், வழி விட்ட பிறகும் கண்ணாடியில் உதட்டுச் சாயம் சரிபார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு, கட்டிய கைகள். பெண் பாதிரியார் ஃபிலிப்பா பொறுமையில்லாமல் ஹாரன் அடிப்பார். அவருக்கு, உள்ளங்கை கீழே பார்க்க இருபக்கமும் விரித்த கைகள். இத்தனைக்கும் கோல் கக்கத்திலேயே இருக்கும். ஒருநாளும் விழுந்ததில்லை.

"சீஸும் பேக்கனும் வச்சு ரெண்டு, வாத்தே," என்பார் கடைக்கு வந்ததும். அந்த ஊரில் ஆண், பெண், பாதிரியார், போலீஸ்காரர் எல்லோரும் எல்லோருக்கும் வாத்துதான்.

ஊர் முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் தங்கள் கால்பந்து அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தும்போது, நெவிலின் உயிர் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் வாலிபராக இருந்தபோது ஒரு ஞாயிறு மாலை, தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்து காட்டினார்கள். தலைக்கவசம் போட்ட குண்டு ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள், எழுந்து நின்று வெகுநேரம் யோசித்தார்கள், மறுபடி விழுந்தார்கள். நெவிலுக்கு அது பிடித்துப்போயிற்று. பல அணிகளில் அவர் தேர்ந்தெடுத்தது, ஆரஞ்சுத் தலைக்கவசம் போட்ட ஒரு ஏரிக்கரை ஊர் அணியை.

"ஏன்யா, போயும் போயும் தோத்துக்கிட்டே இருக்கற அணியைப் பிடிச்சே?" என்று கிளைவ் கேட்பான்.

"என்கிட்ட ஏற்கெனவே ஆரஞ்சுக் குல்லாய் இருந்துச்சு. புதுசா எதுக்கு வாங்கணும்?"

அன்றிலிருந்து தனியாகத்தான் பார்க்கிறார். தனி என்றால் வீட்டில் மேபல் என்ற நாய் உண்டு. ஆட்டத்தில் எப்போதாவது நல்லது நடந்து அவர் துள்ளி எழுந்தால், மேபலும் எழுந்து சமையலறைக்குப் போய்விடும். அகப்பட்டவர்களுக்கெல்லாம் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். தபால்காரர், இறைச்சிக் கடைக்காரர், கையில் ஊசியோடு நின்ற நர்ஸ், ஒருவரையும் விடவில்லை. முதல் ஞாயிறு மரியாதைக்கு வந்தவர்கள் உண்டு. இரண்டாம் ஞாயிறு வந்தவர் எவருமில்லை.

"அதுல ஒண்ணும் தப்பில்ல, வாத்தே," என்றார் ஒருநாள் கெய்னரிடம், தோசையை மடித்துக்கொண்டே. "ஆனா ஒண்ணு. நல்ல ஆட்டம் நடக்கும்போது பக்கத்துல திரும்பி, ‘பாத்தியா!’ன்னு கேக்கணும்ல? நாய்கிட்ட எத்தனை தடவை கேக்கறது?"

கெய்னர் தலையை ஆட்டினாள். அன்று அவருக்கு பேக்கன் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் நெவில் டோரீனிடம் போய், ஞாயிறு மாலைகளில் பப்பின் பின்னறையைக் கேட்டார். அங்கே பழைய தொலைக்காட்சி ஒன்று சும்மா கிடந்தது. அறையை ஒரு யுகுலேலிக் கூட்டமும் கேட்டுக்கொண்டிருந்தது. டோரீன் இருவருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை தரேன், நெவில். ஆட்டம் முடியறப்போ உன்னைத் தவிர ஒரு ஆளாவது அந்த ரூம்ல இருக்கணும். முழிச்சிட்டு இருக்கணும். இருந்தா, குளிர்காலம் பூரா ரூம் உனக்கு. இல்லேன்னா அந்தக் குட்டி கிதார்க்காரங்களுக்கு."

நெவில் தேர்ந்தெடுத்தது அக்டோபரின் கடைசி ஞாயிறு. கோடைக்காக முன்னால் தள்ளிவைத்த கடிகாரங்களை அன்றைக்கு இங்கே நாடு முழுக்க ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அமெரிக்காவில் அதற்கு அடுத்த ஞாயிறுதான் திருப்புவார்கள். அதனால் வழக்கமாக மாலை ஆறுக்குத் தொடங்கும் ஆட்டம் அந்த ஒரே ஒரு ஞாயிறு மட்டும் ஐந்துக்கே தொடங்கிவிடும். இதில் ஏமாந்து பாதி ஆட்டத்தைத் தொலைத்தவர்கள் நாடெங்கும் உண்டு. நெவில் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. அதை ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். அந்த வாரம் முழுக்கச் சாலையில் நின்று, கார் கண்ணாடிகளைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "அஞ்சு மணிக்கு ஆட்டம். ஆறு இல்ல, அஞ்சு! நாலரைக்கு வந்துடுங்க. புதுசா வர்றவங்களுக்கு அரை மணி நேரம் பாடம்."

ஞாயிறு மதியமே போய் அறையைப் பெருக்கினார். மேசையைத் துடைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பப்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது என்று நாற்காலியில் ஏறி, முள்ளை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினார். டோரீன் அதைக் காலையிலேயே திருப்பியிருந்தாள். பிறகு தன் கைபேசியை அணைத்து ஒரு பீங்கான் பேசினில் போட்டார். கைபேசி என்றால் அவருக்கு ஆகாது. பதிவு செய்து வைத்த எத்தனையோ ஆட்டங்களின் முடிவை அது காலையிலேயே கூவிச் சொல்லியிருக்கிறது.

கிளைவ் முதலில் வந்தான். பின்னால் பாதிரியார் ஃபிலிப்பா, ஆறு மணி ஆராதனைக்கு முன் சும்மா தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்று. கடைசியாகக் கெய்னர், கையில் ஒரு பொட்டலம் தோசையோடு.

"போனையெல்லாம் பேசின்ல போடுங்க," என்றார் நெவில். போட்டார்கள்.

கிளைவ் சுவரைப் பார்த்தான். "என்னய்யா, மூணரைன்னு காட்டுது?"

நெவிலின் முகம் மலர்ந்துவிட்டது. "வாத்தே, வீட்டுக் கடிகாரத்தைத் திருப்ப மறந்துட்டியா! பரவாயில்ல. ஆர்வத்துல ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டீங்க எல்லாரும். எனக்கு இப்படி ஒரு கூட்டம் அமைஞ்சதே இல்ல!"

கிளைவ் திருதிருவென்று விழித்தான். தான் திருப்பியதாகத்தான் அவனுக்கு ஞாபகம். ஆனால் மனைவியும் திருப்பியிருப்பாளோ? பாதிரியார் தன் வீட்டு அடுப்புக் கடிகாரத்தின்மேல் பழியைப் போட்டார். அவரவர் தப்பு என்று அவரவர் நினைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார்கள். கெய்னருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. காலையில் சரியான நேரத்துக்குக் கடை திறந்து, சரியான நேரத்துக்கு வரிசை வந்து, அவளே சில்லறை எண்ணிக் கொடுத்தவள். வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பள்ளியில்போல ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.

"கேள்வியா? கடைசியில கேக்கலாம் வாத்தே, நேரம் நிறைய இருக்கு," என்றார் நெவில்.

அரை மணிப் பாடம் ஒன்றரை மணிப் பாடமாக நீண்டது. மேசையின் இந்தப் பக்கம் பதினொரு தடித்த சிப்ஸ், அந்தப் பக்கம் பதினொரு தடித்த சிப்ஸ். ஊறுகாய் வெங்காயம் ஒன்று பந்து. தன் வீட்டுக் குளியல்தொட்டி அடைப்பானிலிருந்து கழற்றிவந்த சங்கிலியை நெவில் மேசையில் நீட்டினார்.

"இது பத்து கஜம். வெங்காயத்தை இங்கேருந்து இந்தச் சங்கிலி முடியற எடம் வரைக்கும் கொண்டு போகணும். அதுக்கு நாலு தடவை முயற்சி பண்ணலாம். போயிட்டா, மறுபடி நாலு தடவை. போக முடியலேன்னா வெங்காயத்தை எதிராளிகிட்டக் குடுத்துட்டு நகர்ந்துடணும்."

"நம்ம கவுன்சில் ரோட்டுக் குழியை மூடற மாதிரி," என்றான் கிளைவ். "நாலு தடவை வந்து பாத்துட்டு, அப்புறம் வேற ஆள் தலையில கட்டிட்டுப் போயிடுவானுங்க."

"இவங்க ஏன் வட்டமா குனிஞ்சு நிக்கறாங்க? ஜெபமா?" என்று பாதிரியார் குவித்து வைத்த சிப்ஸைக் காட்டிக் கேட்டார்.

"ஆலோசனைக் கூட்டம்மா."

"ஓ, எங்க சர்ச் கமிட்டி."

"இல்லம்மா. இவங்க முடிவு எடுத்துடுவாங்க."

கெய்னர் மறுபடி விரலை உயர்த்தினாள். நெவில் அவளைப் பார்த்து அன்பாகத் தலையசைத்துவிட்டு, வெங்காயத்தைக் கையில் எடுத்தார். திரும்பிப் பார்த்தால் வலது பக்கத்தில் ஓர் ஆளைக் காணோம்.

"கிளைவ்! எங்க தடுப்பாட்டக்காரனைத் தின்னுட்டியா?"

"உப்புக் கம்மி அவனுக்கு."

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. நெவில் எழுந்து குல்லாயைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். "இதோ, தொடங்குது," என்று தொலைக்காட்சியைப் போட்டார்.

ஆட்டம் பாதியை எட்டிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு அணி பதினேழு புள்ளி பின்னால் கிடந்தது. நெவில் தொலைக்காட்சியின் தலையில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வெளியே தேவாலய மணி அடிக்க ஆரம்பித்தது. பாதிரியார் புன்னகையோடு எண்ணினார். ஐந்துக்குப் பிறகும் இன்னொன்று அடித்தது.

"ஐயோ, அது என் மணி!" என்று கூவி எழுந்தார் அவர். "என் ஜனங்க உக்காந்திருப்பாங்க!" கோட்டில் ஒரு கை மட்டும் நுழைந்திருக்க, மேசையில் இடித்து, சிப்ஸ் வீரர்கள் நாலு பேரைக் கீழே தள்ளிவிட்டு ஓடினார்.

கிளைவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒருமுறைகூட ஏமாந்ததில்ல! ஆறு இல்ல அஞ்சு! இதை முன்னறையில போய்ச் சொல்லலேன்னா என் தலை வெடிச்சிடும்," என்று அவனும் போனான்.

நெவில் கீழே குனிந்து, விழுந்த வீரர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கித் தட்டில் போட்டார். கெய்னர் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குத் தெரியுமா, வாத்தே?"

"விரலை உயர்த்தினேனே," என்றாள் மெல்ல.

"கேள்வின்னு நினைச்சேன்."

கதவில் டோரீனின் தலை தெரிந்தது. அவள் தோளுக்குப் பின்னால் யுகுலேலி ஒன்றின் கழுத்தும் தெரிந்தது. "என்ன நெவில், முடிஞ்சுதா?"

"இன்னும் பாதி இருக்கு," என்றார். அவர் குரல் மேபலிடம் பேசும் குரலாக இருந்தது.

கெய்னர் எழுந்தாள். மறுநாளைக்கு மாவு கரைக்க வேண்டும். தவிர, முடியும் வரை உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒப்புக்குத் திரையைப் பார்த்தாள். மைதானத்தில் ஒரு மஞ்சள் துணி விழுந்தது. கறுப்பு வெள்ளைச் சட்டை போட்ட நடுவர் முன்னால் வந்து, நெஞ்சுக்கு முன்னால் இரண்டு முழங்கைகளையும் நூல் சுற்றுவதுபோல் உருட்டினார்.

கெய்னரின் கை மூன்றாம் பொத்தானிலேயே நின்றது.

"நெவில். அந்த ஆள் உங்களை மாதிரியே பண்றார்."

"நான்தான் வாத்தே அவரை மாதிரிப் பண்றேன். நேரம் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் அசைஞ்சுட்டான்னு அர்த்தம். அஞ்சு கஜம் தண்டனை."

"அப்போ ரொட்டி வேன்காரன்..."

"தினம் அஞ்சு கஜம். பழைய பாக்கியெல்லாம் சேத்தா இந்நேரம் அவன் அடுத்த ஊர்ல நிக்கணும்."

கெய்னர் சிரித்தாள். அவள் சிரிப்பு அவளுக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. உட்கார்ந்தாள். "அப்போ இடுப்புல கை வைக்கிறது?"

"கோட்டைத் தாண்டி நிக்கறது."

"என்னது?" என்றது கதவுப் பக்கம் ஒரு குரல். பேசினில் விட்ட கைபேசியை எடுக்க வந்த கிளைவ். "வருஷக்கணக்கா என்னைப் பாத்து இடுப்புல கை வச்சிட்டு நிப்பியே, அது என் தப்புக்கா? உனக்கு இடுப்பு வலின்னு நினைச்சேன்டா! கிறிஸ்துமஸுக்குத் தைலம் வாங்கிக் குடுத்தேனே!"

"நல்ல தைலம்," என்றார் நெவில். "மேபலுக்குப் போட்டேன். இப்போ நல்லா நடக்குது."

"தெரு நடுவுல நின்னு என்னைக் குற்றவாளின்னு ஊருக்கே சொல்லியிருக்கே!"

"உங்களுக்கெல்லாம் புரியும்னு நினைச்சேன். தெளிவாத்தானே காட்டினேன்?"

கிளைவ் நாற்காலியை இழுத்துப் போட்டான். வேறு என்னென்ன குற்றம் தன்மேல் இருக்கிறது என்று தெரியாமல் அவன் நகர்வதாக இல்லை. டோரீன் உள்ளே வந்தாள்.

"எனக்குக் கையைக் கட்டிக்கிட்டு நிப்பியே நெவில், அது?"

"வேணும்னே தாமதம்."

"அடப்பாவி, குளிருதுன்னு நினைச்சு ஒரு ஜோடி கையுறை பின்னிக் குடுத்தேனே!" அவளும் உட்கார்ந்தாள். யுகுலேலிக்காரம்மா கதவருகே நின்றபடியே, தன்னைப் பார்த்து நெவில் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டியது எதற்கு என்று கேட்டார். ஒரு சைக்கிள்காரரின் சட்டையைப் பிடித்து நிறுத்தி அவரோடு சண்டை போட்டதற்கு என்று தெரிந்ததும், நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு பந்து எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் துணி எப்போது விழும் என்பதுதான் கேள்வி. விழுந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நடுவர் கையை அசைப்பதற்குள், "ரொட்டி வேன்!" என்று ஒருவர் கத்துவார். "இல்ல, டோரீன்! டோரீன்!" என்று இன்னொருவர். ஆரஞ்சு அணியின் ஆள் ஒருவன் எதிராளியைத் தள்ளிவிட்டு முறைத்து நின்றபோது, நடுவர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். சரியாக அப்போதுதான் ஆராதனை முடிந்து, அங்கியைக்கூடக் கழற்றாமல், தன் கைபேசியைத் தேடிப் பாதிரியார் உள்ளே வந்தார். திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அட, ஆசீர்வாதம்! நெவில் எனக்குத் தினமும் பண்ணுவாரே. நானும் கார்லேருந்து திருப்பி ஆசீர்வதிப்பேன்."

டோரீன் கிளைவைப் பார்த்தாள், கிளைவ் நெவிலைப் பார்த்தான். கெய்னர்தான் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அது ஒழுங்கீனமான நடத்தைக்கு, அம்மா. பதினஞ்சு கஜம்."

பாதிரியார் வெகுநேரம் யோசித்தார். "ஹாரன்," என்றார் கடைசியில். "சரிதான்." உட்கார்ந்தார். ஒரே ஒரு தடவை ஆரஞ்சு ஆள் ஒருவன் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி, நடுவர் இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தியபோது, "இது மட்டும் குத்தமில்ல வாத்தே, பத்திரமாப் போய்ச் சேந்துட்டான்னு அர்த்தம்," என்றார் நெவில் கெய்னரிடம்.

ஆட்டம் எப்போது முடிந்தது என்று அந்த அறையில் யாருக்கும் சரியாகத் தெரியாது, நெவிலுக்கும்கூட. எதிராளியைக் கால் இடறிவிட்டால் என்ன சைகை என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது திரையில் ஆட்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு அணி தோற்றிருந்தது. டோரீன் நாற்காலிகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. எல்லோரும் விழித்திருந்தார்கள்.

"ரூம் உனக்குத்தான்," என்றாள். "ஆனா அந்தக் கடிகாரத்தை இனிமே நீ தொடக் கூடாது."

இப்போது ஞாயிறு மாலை ஆறுக்குப் பின்னறையில் இடம் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டியிருக்கிறது. யுகுலேலிக் கூட்டம் வியாழனுக்கு மாறிவிட்டது. நாலு முயற்சி, பத்து கஜம் என்பதெல்லாம் நெவிலைத் தவிர ஒருவருக்கும் இன்னும் பிடிபடவில்லை. குற்றங்கள் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். கிளைவ் இன்னமும் கோட்டைத் தாண்டித்தான் காரை நிறுத்துகிறான். நெவில் திரும்புவதற்குள் கண்ணாடியை இறக்கி, தானே தன் இடுப்பில் கை வைத்துக் காட்டிவிடுகிறான். ஆரஞ்சு அணி போன ஞாயிறும் தோற்றது. காலையில் கடைசிப் பிள்ளை வாசலுக்குள் நுழைந்ததும் நெவில் கோலைக் கக்கத்தில் இடுக்கிக் கைகளை வானத்துக்கு உயர்த்துகிறார். பிறகு எதிர்ச்சாரிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். ஜன்னலுக்குள் கெய்னரும் இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிறாள். ஒரு கையில் மாவுக் கரண்டி. மாவு சட்டைக் கைக்குள் முழங்கை வரை வழிகிறது. அதற்காக அவள் கையை இறக்குவதில்லை.